படி!

படி! இரண்டே எழுத்து. ஆனால் தோழர்களே, இந்தச் சின்னஞ்சிறு சொல்லுக்குள் உழைப்பவன் வாழ்வு முழுதும் அடங்கிக் கிடக்கிறது!

விடிந்ததும் வாசற்படி இறங்குகிறோம். ஆலைக்குள் நுழைந்தால், 'சொன்னபடி செய்' என்கிறார் மேஸ்திரி. தலையிலே பஞ்சுத் தூசு படிகிறது. சந்தைக்குப் போனால் விலை படியவில்லை. மனு கொடுக்கப் போனால், 'இரண்டு படி எடுத்து வா' என்கிறார் குமாஸ்தா. இரவு வீடு திரும்பி, மகனைப் பார்த்து, 'படியடா, படி' என்கிறோம். சொல் ஒன்று, பொருளோ பல!

புலவர்கள் இவற்றை எண் போட்டு அகராதியில் அடுக்கி வைப்பர். நாம் கேட்க விரும்புவது வேறு. எந்தப் படி, எவர் கையில் இருந்தது?

முதலில், அளக்கும் படி. 8 ஆழாக்கு ஒரு படி. 8 படி ஒரு மரக்கால். இது சென்னைக் கணக்கு. ஊருக்கு ஊர் படி மாறும். ஊரைப் பார்த்து மட்டுமா மாறிற்று? ஆளைப் பார்த்தும் மாறிற்று! கடன் நெல்லைத் திருப்பி வாங்கும்போது குவித்து அளந்த பண்ணையார், கூலி நெல் கொடுக்கும்போது தலை தட்டி அளந்தார். விதைத்தது நாம், அறுத்தது நாம். 'படியளக்கும் மகராசன்' என்ற பட்டமோ அவருக்கு! படியளந்தவர், 'கீழ்ப்படி' என்றார். ஏன் என்று கேட்டால், 'சாத்திரப்படி' என்றார், 'வழக்கப்படி' என்றார்.

அந்த வழக்கத்தை மீறிக் கேட்டவர் கதி என்ன? தஞ்சைத் தரணியிலே, கீழவெண்மணியிலே, கூலி நெல்லில் அரைப்படி உயர்வு கேட்டு எழுந்த போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டோர் 44 பேர். பெண்கள், பிள்ளைகள், முதியோர். அரைப்படி நெல், தோழர்களே, அரைப்படி!

1956ஆம் ஆண்டுச் சட்டம் படியை ஒதுக்கிக் கிலோவைக் கொண்டுவந்தது. மக்கள் நாவிலிருந்து படி இறங்கிற்றா? இல்லை! 1967இல் சென்னையிலும் கோவையிலும் மலிவு அரிசி வந்தபோது, 'ரூபாய்க்கு ஒரு படி' என்றுதான் நாடு பேசிற்று.

ஆலைத் தொழிலாளி அறிந்த படி இன்னொன்று உண்டு: பஞ்சப்படி. சர்க்கார் ஏடு இன்று அதை 'அகவிலைப்படி' என்று எழுதுகிறது. பெயர் எதுவாயினும் நியாயம் ஒன்றே. விலைவாசி ஏறினால், கூலிக்காரனின் படியும் ஏற வேண்டும். பண்ணையார் அளந்த படி தயவு, பஞ்சப்படி உரிமை!

தயவை உரிமையாக்கிய படி எது? படிப்பு!

'படிதாண்டாப் பத்தினி' என்று பெண்ணைப் புகழ்ந்து, வீட்டுக்குள் பூட்டி வைத்த நாடு இது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி படி தாண்டினார். மருத்துவம் படித்து 1912இல் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் படியேறினார். எந்தக் குடி கெட்டது? எந்த வானம் இடிந்து விழுந்தது?

பசித்த வயிற்றோடு பிள்ளை எப்படிப் படிப்பான்? படியரிசி இல்லாத வீட்டுக்குப் படிப்பு எட்டாக்கனி. அதை உணர்ந்துதான் 1920இல், தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகலுணவு போட்டது. 1956இல் காமராசர் அதை நாடெங்கும் பரப்பினார். 2022இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. அளக்கும் படியும் படிக்கும் படியும் பள்ளிக்கூடத்திலே கைகோத்தன!

ஆகவே, தோழர்களே! சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் மடித்துப் பையில் போடாதீர். பஞ்சப்படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று படியுங்கள். எழுத்தறியாத தோழன் பக்கத்தில் இருந்தால், அவனுக்கும் படித்துக் காட்டுங்கள். பெண் பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்.

படிப்பவன் படியேறுவான். படியேறியவனைப் பார்த்துக் 'கீழ்ப்படி' என்று சொல்ல எவனுக்கும் நா எழாது!