ஐந்தாண்டு காத்திருப்பை ஒரு தேதி விழுங்கலாமா?

மதுரை மாவட்டத்துக் காலனிகளில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பலருக்கு, அரசு தரும் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்து வாங்குகிறவர்களிலும் சிலருக்குப் பாதியில் நின்றுபோகிறது. ஏன் என்று கேட்டால், "பதிவைப் புதுப்பிக்கவில்லை", "உறுதிமொழி கொடுக்கவில்லை" என்ற பதில்தான் வரும். பணம் பெறுவதற்கான தகுதி இருந்தும், ஒரு தேதியைத் தவறவிட்டதால் உரிமை போய்விடுகிறது.

வேலைவாய்ப்பு அலுவலகம் நமக்கு அந்நியமானதல்ல. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். போரிலிருந்து திரும்பும் படைவீரர்களுக்கு வேலை தேடித் தர, அவர் பொறுப்பில் இருந்த 1945-ல் அந்தத் துறையின் கீழ்தான் இந்த அலுவலகங்களுக்கு வித்திடப்பட்டது. பின்னர் எல்லா மக்களுக்கும் கதவு திறந்தது. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவரையும் பதிவு மூப்பு ஒன்றை மட்டும் வைத்து வேலைக்கு அழைக்கும் இடம் என்பதால், நம் பெற்றோர் அந்த அட்டையைப் பத்திரம்போலப் பாதுகாத்தார்கள்.

யாருக்கு, எவ்வளவு?

பதிவு செய்து 5 ஆண்டுகள் தொடர்ந்து புதுப்பித்தும் வேலை கிடைக்காதவர்கள் விண்ணப்பிக்கலாம். மாதத்துக்குப் பத்தாம் வகுப்பில் தேறாதவர்களுக்கு ரூ.200, தேறியவர்களுக்கு ரூ.300, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ரூ.400, பட்டதாரிகளுக்கு ரூ.600 என்று 3 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு வயது வரம்பு 40. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. இந்த 5 ஆண்டுச் சலுகையை அறியாமலேயே "வயசு தாண்டிப்போச்சு" என்று ஒதுங்கியவர்கள் நம்மில் உண்டு.

மாற்றுத்திறனாளிகள் பதிவு செய்து ஓராண்டு முடிந்தால் போதும். வருமான வரம்பு கிடையாது. பத்தாம் வகுப்பு வரை ரூ.600, பிளஸ் டூவுக்கு ரூ.750, பட்டத்துக்கு ரூ.1,000 என 10 ஆண்டுகள் பெறலாம். பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது.

எங்கே வழுக்குகிறது?

இரண்டு இடங்களில் வழுக்குகிறது. ஒன்று, பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சலுகைக் காலமும் தாண்டினால் பதிவு காலாவதியாகும்; மறுபடி பதிந்தால் மூப்பு புதிய தேதியிலிருந்துதான். உதவித்தொகைக்கான 5 ஆண்டும் முதலிலிருந்தே ஓடத் தொடங்கும். இரண்டாவது, உதவித்தொகை பெறுகிறவர் ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் அளிக்க வேண்டும். தான் வேலையில் இல்லை, சுயதொழில் செய்யவில்லை, பள்ளி கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கவில்லை என்று அதில் உறுதி கூற வேண்டும். அஞ்சல்வழியில் படிக்கத் தடையில்லை.

முன்பெல்லாம் பதிவுக்கு விடியற்காலையிலேயே வரிசை நிற்கும். இன்று பதிவும் புதுப்பிப்பும் இணையத்துக்கு வந்துவிட்டன. அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் தேதியை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு முழுவதும் விண்ணப்பதாரர் தலையில் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ கேரளத்துக் கட்டட வேலைக்கோ போன பிள்ளைக்கு அந்த மாதம் நினைவில் நிற்குமா? 2014 முதல் 2019 வரை புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு 2022 மார்ச் 1 வரை அரசே சிறப்பு அவகாசம் தந்தது. தவறியவர்கள் நாலைந்து பேர் மட்டுமல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல், உதவித்தொகை பெறும் வேலை தேடுவோர் பலர் மாதம் 100 புள்ளிகள் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. அந்தக் கெடுபிடி அங்கேயும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆனால் அங்கே கேள்வி கேட்கும் அரசு, சாப்பாட்டுச் செலவுக்காவது பணம் தருகிறது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இங்கே ஒரு நாளைக்குக் கிடைப்பது 10 ரூபாய்.

அந்த 10 ரூபாயில் வயிறு நிறையாது. கூலி வீட்டுப் பிள்ளை 5 ஆண்டு கைகட்டி உட்கார்ந்திருக்கவும் முடியாது. நாற்று நடவுக்கோ சித்தாள் வேலைக்கோ போய்த்தான் தீர வேண்டும். அப்படி நாலு நாள் போனவர் உறுதிமொழியில் கையெழுத்திடத் தயங்குகிறார். நாள்கூலிக்குப் போவது வேறு, நிலையான வேலையில் இருப்பது வேறு என்பதைப் படிவத்திலேயே அரசு தெளிவாக எழுத வேண்டும்.

நாம் கேட்பது

புதுப்பிக்கும் மாதமும் உறுதிமொழிக்கான நாளும் நெருங்கும்போது கைப்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி வரட்டும். பேரையூரிலிருந்தும் கொட்டாம்பட்டியிலிருந்தும் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டுப் புதூர் அலுவலகத்துக்கு வருவதற்குப் பதில், வட்டம்தோறும் முகாம் நடத்தி உறுதிமொழியை வாங்கட்டும். ரூ.72,000 என்றால் மாதம் ரூ.6,000, அப்பா ஒரு காவலாளி வேலைக்குப் போனாலே பிள்ளை தகுதி இழக்கும் அந்த வரம்பை உயர்த்தட்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பதிவு அட்டையை இன்றே எடுத்துப் புதுப்பிக்கும் மாதத்தைப் பாருங்கள். சாதிச் சான்று விவரம் பதிவில் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். இனச்சுழற்சியில் நம் இடம் அதை வைத்துத்தான். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; ரத்தாகாது. கல்லூரி மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனியில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து நினைவூட்டினாலே போதும். நம் தெருவில் ஒரு பதிவும் காலாவதியாகாது.