மாதம் 1,000 ரூபாய்... பிள்ளைங்க கணக்குல பணம் வந்தாச்சு. செலவு செய்ய யார் கத்துக்கொடுக்கிறது?

டெல்டாவில் விவசாயக் குடும்பத்துக்குப் பணம் மொத்தமாகத்தான் வரும். குறுவை அறுத்தா ஒரு முறை, சம்பா அறுத்தா ஒரு முறை. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறியதும், உரக்கடை பாக்கி, நகைக்கடன் வட்டி என்று கரைந்துவிடும். அதே வீட்டில் கல்லூரிப் பிள்ளைக்கு மட்டும் மாசாமாசம் பணம் வருகிறது. பூதலூரிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில், பஸ் ஏறிப் படிக்கப் போகும் பலருக்கு, சொந்தப் பெயரில் வரும் முதல் பணமே இதுதான்.

எந்தப் பணம் இது?

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமண உதவித் திட்டம் இருந்தது. அது உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5-ல் 'புதுமைப் பெண்' தொடங்கியது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேர்ந்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட் 9-ல் வந்தது. இரண்டிலுமே பணம் நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும்.

கணக்கு தொடங்க 18 வயது ஆகணுமா?

வேண்டாம். 10 வயது நிரம்பியவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த அனுமதிக்கலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் வெளியிட்டது. எவ்வளவு தொகை வரை, ஏடிஎம் கார்டு உண்டா என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். இருப்புக்கு மேல் எடுக்க முடியாது என்பதால், கடனாளி ஆகிடுவானோ என்ற பயம் வேண்டாம்.

1,000 ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்?

* பணம் வந்த அன்றே 300 ரூபாயை ஒதுக்கிடுங்க. 'மிச்சம் இருந்தா சேர்க்கலாம்' என்றால் மிச்சமே இருக்காது.
* 3 வருடப் படிப்பில் அது 10,800 ரூபாய், வட்டி சேர்க்காமலே. மேல்படிப்புக் கட்டணத்துக்கோ, வேலை தேடிப் போகும் செலவுக்கோ உதவும்.
* அஞ்சலக ஆர்.டி.யை மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம். அது 5 வருடத் திட்டம். 3 வருடத்துக்குப் பின் முடிக்கலாம், ஆனால் வட்டி குறையும்.
* மீதி 700-ல் பயணம், நோட்டு, ரீசார்ஜ். ஜிபே செய்ததையும் சேர்த்து எழுதி வையுங்கள். பத்து, இருபதாகப் போகும் பணம் கண்ணுக்கே தெரியாது.

'கணக்கைக் கொடு, கமிஷன் தர்றேன்' என்றால்?

இதுதான் பெரிய ஆபத்து. மோசடிக் கும்பல்கள் ஏமாற்றிய பணத்தைக் கடத்த அடுத்தவர் கணக்கைத் தேடுகின்றன. சில ஆயிரத்துக்கு ஆசைப்பட்டு பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் கார்டைக் கொடுத்தால், கணக்கு முடக்கப்படும். போலீஸ் விசாரணை முதலில் வருவது கணக்கு வைத்திருப்பவரிடம்தான். மாதம் வரும் 1,000-மும் அதே கணக்கில் சிக்கிக்கொள்ளும். பணத்தை இழந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கார்டைப் பிடுங்கி வைத்தால் பிள்ளை எதுவும் கற்காது. அதைவிட, அறுவடைப் பணம் வந்ததும் வீட்டு வரவு செலவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். உரக்கடை பாக்கி எவ்வளவு, நகைக்கடனுக்கு வட்டி எவ்வளவு என்று தெரிந்த பிள்ளை, தன் 1,000 ரூபாயை யோசித்துத்தான் எடுக்கும்.