மூணு சர்வர் ஏன் பத்தாது?

ஒரு சர்வர் செத்துட்டா கண்டுபிடிக்கிறது சுலபம், பதில் வராது. உயிரோட இருந்துக்கிட்டே தப்பா பேசுற சர்வர்தான் தலைவலி.

2008 ஜூலை 20. அமேசானோட எஸ்3 சேமிப்புச் சேவை பல மணி நேரம் படுத்துடுச்சு. அங்கே யார் நல்லா இருக்காங்க, யார் இல்லைன்னு சர்வர்களே தங்களுக்குள்ள சொல்லிக்கும். இந்த முறைக்குப் பேரே ‘காஸிப்’, நம்ம ஊர் வம்புதான். அன்னிக்குச் சில செய்திகள்ல ஒரே ஒரு பிட் மாறிப்போச்சு. படிச்சா புரியும், ஆனா விஷயம் தப்பு. கடைசியில மொத்தப் பேச்சையும் நிறுத்தி, பழைய நிலவரத்தை அழிச்சுட்டு, திரும்ப ஆரம்பிச்சாங்க. வாடிக்கையாளர் டேட்டாவுக்கு செக்சம் சரிபார்ப்பு இருந்தது. இந்த வம்புக்கு இல்லை!

வழியில கெட்ட செய்தியை செக்சம் பிடிச்சிடும். ஆனா அனுப்புற சர்வரே ஆளுக்கு ஒண்ணு சொன்னா?

1982-ல் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூணு பேரும் இதை ஒரு முற்றுகைக் கதையா எழுதினாங்க. தளபதிகள் மூணு பேர், அதுல ஒருத்தர் துரோகி. தலைவர் உங்ககிட்ட ‘தாக்கு’ன்னு சொல்றார். பக்கத்துத் தளபதியோ, ‘என்கிட்ட பின்வாங்குன்னாரே’ங்கிறார். பொய் சொல்றது யார்? உங்களால கண்டுபிடிக்கவே முடியாது. நாலாவது ஆள் வந்தாத்தான் பெரும்பான்மைன்னு ஒண்ணு கிடைக்கும். ஒரு துரோகிக்கு நாலு பேர், ரெண்டு துரோகிக்கு ஏழு பேர் வேணும்.

இதுக்கு ஒரு விலக்கு உண்டு. யாராலும் போலி பண்ண முடியாத டிஜிட்டல் கையெழுத்து ஒவ்வொரு செய்தியிலும் இருந்தா, மூணு பேரே போதும். தலைவர் ரெண்டு விதமா பேசியிருந்தா, அவர் கையெழுத்தே அவரைக் காட்டிக்கொடுத்துடும்.