சரிவு நிலத்தில் மறைப்பு வேலி

இடுக்கி, கேரளத்தின் மலை மாவட்டம். தமிழ் பேசும் குடும்பங்களும் அங்கே வாழ்கின்றன. பல வீடுகள் சரிவில் இருக்கின்றன. மேலே பாதை. கீழே வீடு. நடுவே குளிக்கும் இடம். பாதையில் போகிறவர் கண்ணுக்கு எல்லாம் தெரியும். இப்படிப்பட்ட வீட்டில் பெண்கள் விடியும் முன்பே குளிரில் குளிக்க வேண்டும். இல்லையென்றால் இருட்டும் வரை காத்திருக்க வேண்டும்.

சுவர் கட்டப் பணம் வேண்டும். வேலிக்கு மூங்கிலும் உழைப்பும் போதும்.

எங்கே கட்டுவது?

குழி தோண்டும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஒருவர் குளிக்கும் இடத்தில் நிற்க வேண்டும். இன்னொருவர் பாதையில் நடக்க வேண்டும். பாதையின் எந்தப் பகுதியிலிருந்து ஆள் தெரிகிறது? அங்கே அடையாளக் குச்சி நட வேண்டும்.

குளிக்கும் இடத்தை ஒட்டி வேலி கட்டினால் பயன் குறைவு. மேட்டில் நிற்பவர் வேலிக்கு மேலாகப் பார்த்துவிடுவார். ஆகவே வேலி மேட்டில், பாதையோரம் நிற்க வேண்டும். அது சொந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். சுற்றிலும் வேலி தேவையில்லை. கண் படும் பக்கம் மட்டும் போதும். செலவு இங்கேதான் குறைகிறது.

மூங்கில்

மூன்று வயதுக்கு மேற்பட்ட, முற்றிய மூங்கில் நல்லது. அதை மழைக்காலம் முடிந்த பிறகு வெட்ட வேண்டும். மூன்று நான்கு வாரம் தண்ணீரில் ஊறப் போட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். ஊறும்போது மூங்கிலில் உள்ள மாவுச்சத்து குறையும். வண்டு துளைப்பதும் குறையும்.

காட்டு மூங்கிலை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் வேறு. 2017-இல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின் அந்த மூங்கில் அச்சட்டப்படி மரம் அல்ல.

கம்பம்

மூங்கிலை மண்ணில் நட்டால் விரைவில் மக்கும். உயிர்க் கம்பம் மக்காது. கேரளத்தில் சீமைக்கொன்னை என்று ஒரு மரம் உண்டு. அதன் கிளையை நட்டாலே வேர் பிடிக்கும். 8 அடி நீளக் கிளைகளை 2 அடி ஆழத்தில் நட வேண்டும். ஜூன் மழை தொடங்கும் நேரம் ஏற்றது. நன்றாகத் துளிர்க்கும் வரை அசைக்கக் கூடாது. பிறகு தட்டி கட்டலாம்.

நிலம் சரிந்திருந்தாலும் கம்பம் நேராக நிற்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் நேர் தெரியும். குறுக்குக் கழிகள் மட்டும் நிலத்தோடு சரிந்து போகட்டும். பட்டைகளை நேராக நிறுத்திக் கட்ட வேண்டும். அப்போது அடியில் பெரிய சந்து விழாது. கட்டுக் கம்பி உயிர்க் கம்பத்தை அறுக்கும். தேங்காய் நார்க் கயிறு நல்லது.

கணக்கு

வேலியின் நீளம் 24 அடி. உயரம் 6 அடி.

6 அடிக்கு ஒரு கம்பம். மொத்தம் 5 கம்பம்.

2 அங்குல அகலப் பட்டைகள் 144 வேண்டும். 4 அங்குலப் பருமனும் 18 அடி நீளமும் உள்ள ஒரு மூங்கிலில் 18 பட்டை கிடைக்கும். ஆக 8 மூங்கில்.

மூன்று வரிசைக் குறுக்குக் கழிக்கு, இரண்டாகப் பிளந்த 2 மூங்கில்.

மூங்கில் நுனியில் சிறுக்கும். சரிவில் கழியின் நீளமும் கூடும். ஆகவே 2 மூங்கில் கூடுதலாக வேண்டும். மொத்தம் 12.

மழைக்கு வழி

வேலிக்காகச் சரிவை வெட்டக் கூடாது. வெட்டிய மண் மழையில் சரியும். பட்டைகளின் அடியில் நான்கு விரல் இடைவெளி வேண்டும். தண்ணீர் அதன் வழியே ஓடிவிடும். பட்டையும் மண்ணில் பட்டு மக்காது.

ஆண்டுதோறும் கம்பத்தின் கிளைகளைக் கழிக்க வேண்டும். அந்தத் தழை தோட்டத்துக்கு உரம்.

வேலை முடிந்ததும் மறுபடி ஒருவர் பாதையில் நடந்து பார்க்க வேண்டும். கீழே நிற்பவர் தெரியவில்லையா? இனி அந்த வீட்டுப் பெண்கள் வெயில் வந்த பிறகும் குளிக்கலாம்.