சிவில் உடையில் வந்து மறித்தால்: கேட்பதற்குச் சட்டம் இடம் தருகிறது

2024 ஜனவரி 18ஆம் திகதி, குருநாகல் மாவட்டத்தின் நாரம்மலப் பகுதியில் ஒரு லொறியைச் சிலர் மறித்தார்கள். அவர்கள் பொலிஸார்தான், ஆனால் உடம்பில் காக்கி இல்லை. லொறி நிற்கவில்லை. துரத்திப் போய்ப் பிடித்தார்கள். உப பொலிஸ் பரிசோதகர் ஒருவரின் துப்பாக்கி வெடித்தது, லொறிச் சாரதி உயிரிழந்தார். துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்று பொலிஸ் தரப்பு சொன்னது. அந்த அதிகாரி கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார்.

அதற்கு மூன்று வாரங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன், 2023 டிசம்பர் 31 அதிகாலையில், வெலிகமவில் இதைவிட விநோதமான ஒன்று நடந்திருந்தது. கொழும்புக் குற்றத்தடுப்புப் பிரிவைச் சேர்ந்த குழு ஒன்று வெள்ளை வேனில் அங்கே போயிருந்தது. பெலேன பகுதியில் ஒரு ஹோட்டலின் முன் துப்பாக்கிச் சூடு நடந்ததாகத் தகவல் கிடைத்ததும் வெலிகமப் பொலிஸார் அந்த வேனை நோக்கிச் சுட்டார்கள். வேனுக்குள் இருந்த பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் இறந்தார். இந்த விவகாரத்தில் சிக்கிய அப்போதைய பதில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பதவி நீக்கியது.

பொலிஸாரின் வேனைப் பொலிஸாரே அடையாளம் காணாத நாட்டில், இரவு ஒன்பது மணிக்குப் பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஆட்டோ ஓட்டிப் போகிற பையன் எப்படிக் காண்பான்? கொஸ்லந்தைப் பக்கத்து லயத்தில் கதவு தட்டப்படும்போது தாய் எதை வைத்து முடிவு செய்வாள்?

வண்டியைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அடையாளமிட்ட பொலிஸ் ஜீப்பில் மூன்று மொழியிலும் பொலிஸ் என்று எழுதியிருக்கும், கூரையில் விளக்கு இருக்கும், அதில் குழப்பமில்லை. அடையாளமில்லாத வண்டிக்கு அப்படி எதுவும் இல்லை. கறுப்புக் கண்ணாடி, நீளமான அன்டெனா, வெள்ளை நிறம், இலக்கத் தகட்டின் எழுத்து என்று ஆளுக்கொரு குறி சொல்வார்கள். அந்தக் குறிகள் எல்லாம் சுற்றுலா வேனிலும் இருக்கும், கடத்தல்காரனின் வேனிலும் இருக்கும். இலக்கத் தகடே இல்லாமலோ சேறு பூசி மறைத்தோ வந்தால் மட்டும் உஷாராகலாம். தகடு இல்லாமல் ஓடுவது பொலிஸுக்கும் அனுமதிக்கப்பட்டதல்ல. அதற்கு மேல் வண்டி எதையும் சொல்லாது. வண்டியில் வந்தவர்தான் சொல்ல வேண்டும். சொல்ல வைக்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

சிவில் உடைப் பொலிஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐஸ், ஹெரோயின் விற்பவனைக் காக்கிச் சட்டையோடு போய்ப் பிடிக்க முடியாது. வீதிப் பாதுகாப்பிலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து 14 பேர் மாண்டதை நம் ஊர் மறக்காது. 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் பாய்ந்தது. பொறுப்பில்லாமல் ஓட்டுபவர்களைக் கண்டுபிடிக்க நீண்டதூர பஸ்களில் சிவில் உடையில் பொலிஸாரை ஏற்றுவதை நான் வரவேற்கிறேன். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுப்பது ஒரு வேலை. இருட்டில் வீதிக்குக் குறுக்கே நின்று வண்டியை மறிப்பது வேறு வேலை. இரண்டாவதற்குச் சீருடை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம், ஓடும் வாகனத்தை நிறுத்தும் அதிகாரத்தைச் சீருடையில் இருக்கும் பொலிஸாருக்கே கொடுத்திருக்கிறது.

நம் அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை, சட்டத்தில் விதித்த நடைமுறைப்படியன்றி எவரையும் கைது செய்யக் கூடாது என்கிறது. கைது செய்யப்படுபவருக்குக் காரணத்தை அறிவிக்க வேண்டும் என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவும், கைது செய்யும்போதே குற்றச்சாட்டின் தன்மையைச் சொல்ல வேண்டும் என்கிறது. "ஸ்டேஷனுக்கு வா, அங்க சொல்றோம்" என்பது சட்டம் கேட்கும் பதில் அல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யும்போது அதிகாரி தன் பெயரையும் பதவியையும் கைதானவரிடம் அல்லது உறவினரிடம் சொல்ல வேண்டும் என்று 2006இலும் பிறகு 2016இலும் ஜனாதிபதிகள் எழுத்தில் பணிப்புரை விடுத்திருக்கிறார்கள். நாட்டின் மிகக் கடுமையான சட்டத்துக்கே அந்த விதி பொருந்துமானால், ஒரு லைசன் பரிசோதனைக்கு அதைவிடக் குறைவாக நாம் ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

எனவே கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள். "சேர், எந்த ஸ்டேஷன்? ஐ.டி. கார்டக் காட்ட ஏலுமா?" தமிழ் விளங்காத அதிகாரி என்றால், "கொய் பொலிஸியென்த சேர்? ஐ.டி. எக்க பென்னன்ன புளுவன்த?" இந்த இரண்டு வாக்கியத்தையும் தோட்டத்துப் பிள்ளைகள் பாடமாக வைத்திருக்க வேண்டும். கேட்டதற்காகக் கோபப்படுகிற அதிகாரி இருக்கலாம். ஆனால் கேட்டது குற்றமாகாது.

அட்டையைக் காட்டினாலும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. 2021 மார்ச்சில் லண்டனில் வீதியில் நடந்து போன ஒரு பெண்ணைத் தன் உண்மையான பொலிஸ் அடையாள அட்டையைக் காட்டி ஏமாற்றிக் கடத்திக் கொன்றவன், அப்போது பணியில் இருந்த பொலிஸ்காரன். அதன் பின் லண்டன் பொலிஸ் ஒரு நடைமுறையைக் கொண்டு வந்தது. தனியாக இருக்கும் பெண்ணை அணுகும் சிவில் உடை அதிகாரி, தன் போனிலேயே கட்டுப்பாட்டு அறையை வீடியோவில் அழைத்து, அங்கிருப்பவரைக் கொண்டு தன்னை உறுதிப்படுத்த வேண்டும். ஆள் உண்மையான பொலிஸா என்பது ஒரு கேள்வி. அவர் இப்போது செய்வது அவருடைய நிலையத்துக்குத் தெரிந்த வேலையா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. நம் நாட்டிலும் பொலிஸ் நிலையத்திலிருந்து கடமைக்காக வெளியே போகும் அதிகாரி அங்குள்ள புத்தகத்தில் பதிந்துவிட்டே போக வேண்டும். ஆகவே 119ஐ அழைத்தோ, அருகிலுள்ள நிலையத்துக்கு எடுத்தோ, "இந்த இடத்தில் இந்த இலக்க வண்டியில் உங்கள் ஆட்கள் நிற்கிறார்களா?" என்று கேட்பது முற்றிலும் நியாயமானது.

இனி வீதிக்கு வருவோம். கண்ணாடியைக் கொஞ்சம் மட்டும் இறக்கு, கதவைப் பூட்டிக்கொள் என்கிற வெளிநாட்டு அறிவுரைகள் ஆட்டோக்காரருக்கு உதவாது. ஆட்டோவுக்குப் பூட்டக் கதவே இல்லை. மடுல்சீமை, நமுனுகுலப் பக்கத்தில் போனுக்குச் சிக்னல் இல்லாத வளைவுகளும் உண்டு. ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: வேகம் கூட்டித் தப்பி ஓடாதீர்கள். நாரம்மலவில் நடந்தது அதுதான். வேகத்தைக் குறையுங்கள், இரண்டு பக்க சிக்னல் விளக்குகளையும் போடுங்கள், கையைக் காட்டி "முன்னால் நிறுத்துகிறேன்" என்று புரியவையுங்கள். வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற அடுத்த கடைக்கோ கோவில் வாசலுக்கோ மெதுவாகப் போய் நிறுத்துங்கள். துப்பாக்கி தெரிந்தால், அல்லது வண்டி ஏற்கெனவே குறுக்கே நின்றுவிட்டால், அந்த இடத்திலேயே நிறுத்திக் கைகள் தெரியும்படி இருங்கள். கேள்வி கேட்க அதற்குப் பிறகும் நேரம் இருக்கும். ஹயருக்குப் போகும்போது வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாதையால், யாரை ஏற்றிக்கொண்டு என்று சொல்லிவிட்டுப் போவதும் நல்ல பழக்கம்.

தண்டப்பணம் கேட்டால் இன்னும் எளிது. போக்குவரத்துத் தண்டப்பணத்தைக் கையில் வாங்கப் பொலிஸாருக்கு அதிகாரமே இல்லை. தண்டப் பத்திரம் எழுதித் தருவார்கள், அதை 14 நாளுக்குள் கட்ட வேண்டும். பத்திரம் இல்லாமல் "இரண்டாயிரம் குடுத்துட்டுப் போ" என்று சொல்பவர் போலிப் பொலிஸாக இருக்கலாம். உண்மைப் பொலிஸாக இருந்தால் அது இலஞ்சம். இரண்டுமே முறைப்பாடு செய்ய வேண்டிய குற்றம்தான்.

லயத்துக்கு வந்து ஆளைக் கொண்டுபோவதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமானது. 1988–89 கிளர்ச்சிக் காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கும், போர்க்கால வெள்ளை வேன்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மலையக இளைஞர்கள் பலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு வருடக் கணக்கில் உள்ளே கிடந்ததும் நம் குடும்பங்களின் கதை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அண்டைவீடும் விளக்கை அணைத்துவிட்டால், கொண்டுபோகப்பட்டவனுக்குச் சாட்சி இல்லாமல் போய்விடும். லயத்தில் எல்லாரும் வெளியே வாருங்கள். தோட்டத் தலைவரை எழுப்புங்கள். வண்டி இலக்கம், நேரம், எத்தனை பேர், யார் முன்னால் பேசினார், எந்த நிலையம் என்று சொன்னார்கள் என்பதை அப்போதே ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெண்ணைக் கொண்டுபோகிறார்கள் என்றால் பெண் பொலிஸ் எங்கே என்று கேளுங்கள். பெண்ணின் உடலைச் சோதிப்பவர் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

பிறகு உடனே, அந்த இரவிலேயே, அவர்கள் சொன்ன நிலையத்துக்கு இரண்டு பேராவது போக வேண்டும். 2023 மே மாதம் கொழும்பில் வீட்டு வேலை செய்த, பதுளையைச் சேர்ந்த ஒரு தாய், திருட்டு முறைப்பாடு ஒன்றின் பேரில் வெலிக்கடைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்டு, அவர்களின் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். கைதுக்குப் பிந்திய முதல் சில மணித்தியாலங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. உறவினர் நிலையத்து வாசலில் நிற்பது ஒரு பாதுகாப்பு. சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்தில் ஆஜராகலாம் என்று 2012இலேயே விதி வந்துவிட்டது, அதைத் தடுக்க முடியாது.

பிடியாணை இல்லாமல் கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் தவிர 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பதுளை, பண்டாரவளை, வெலிமடை என்று நீதவான் நீதிமன்றங்கள் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இந்தக் காலம் 72 மணித்தியாலமாக நீள்கிறது, தடுப்புக்காவல் உத்தரவு வந்தால் இன்னும் நீளும். ஆனால் அந்தச் சட்டத்தில் கைது நடந்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கும் கடமை பொலிஸுக்கு உண்டு. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் பதுளையிலேயே இருக்கிறது. அதன் அவசர இலக்கம் 1996.

எந்த நிலையமும் "எங்களிடம் இல்லை" என்று கைவிரித்தால் தாமதிக்காதீர்கள். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டவர் பற்றிய ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது. கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, பதுளையிலேயே மனுப் போடலாம். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஒருவரைக் கொண்டுபோய்விட்டு இருக்குமிடத்தை மறைப்பது 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி 20 வருடம்வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம் என்பதையும் நிலையப் பொறுப்பதிகாரிக்கு நினைவூட்டலாம்.

நம் மக்கள் அதிகம் தோற்பது நாட்கணக்கில். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "தலைவர்கிட்ட சொல்லியிருக்கோம், பாப்போம்" என்று இருக்கும்போது அந்த மாதம் போய்விடும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டு, அங்கே விசாரணை நிலுவையில் இருந்தால், அந்தக் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. முறைப்பாடு கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள், அது இல்லாவிட்டால் பின்னால் நிரூபிப்பது கடினம்.

மொழியையும் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்து மக்களின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, "இங்க கையெழுத்துப் போடு" என்று நீட்டப்படுவது புதிய கதை அல்ல. தமிழ் அரச கரும மொழி. அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆள் இல்லை என்றால் அதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வீதியில் மறிக்கப்பட்டவர் ஒரு அழைப்பில் உறுதி செய்துகொள்ளும் வசதி ஊவாவுக்கு வேண்டும். பதுளை, பண்டாரவளை ஆகிய இரண்டு பொலிஸ் பிரிவுகளிலும் இரவு முழுக்கத் தமிழ் பேசும் ஒருவர் பதில் சொல்லும் தொலைபேசி இலக்கம் ஒன்று, அதை ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு ஆட்டோ நிறுத்துமிடத்திலும் ஒட்டுவதற்கு ஒரு தாள். பெரிய செலவில்லை. பொதுமக்களின் முறைப்பாடுகளை ஏற்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் ஊவாவுக்குப் பொறுப்பான சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபருக்கும் தொழிற்சங்கங்களும் ஆட்டோ சாரதிகள் சங்கங்களும் சேர்ந்து இதைக் கேட்டு எழுதலாம். சம்பளக் கோரிக்கைக்குக் கையெழுத்து வாங்க லயம் லயமாகப் போகும் அதே ஆட்கள், அதே நடையில் இதற்கும் கையெழுத்து வாங்கிவிடலாம்.