டெக்னிக்கல் ரைட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வாஷிங் மெஷினோடு வரும் கையேடு, மென்பொருளின் உதவிப் பக்கங்கள், நிரலாளர்களுக்கான ஏபிஐ விளக்கம் போன்றவற்றை எழுதுபவர் டெக்னிக்கல் ரைட்டர். சென்னை, பெங்களூரு, ஐதராபாத் நகரங்களில் மென்பொருள் நிறுவனங்கள் பெருகப் பெருக இந்த வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது. ஆனால் ஆளெடுக்கும் முறைதான் பல இடங்களில் இன்னும் சரியாக அமையவில்லை. இலக்கணப் பிழை இல்லாமல் எழுதுகிறாரா, எந்தெந்தக் கருவிகள் தெரியும் என்று பார்ப்பதோடு தேர்வை முடித்துவிடுகிறார்கள்.

ரெஸ்யூமேயில் மேட்கேப் ஃப்ளேர், ஃப்ரேம்மேக்கர், டிட்டா, மார்க்டவுன், கிட் எனப் பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். இவற்றில் டிட்டா, 2005இல் ஒயாசிஸ் அமைப்பு ஏற்றுக்கொண்ட தரநிலை. ஒருமுறை எழுதிய பகுதியைப் பல கையேடுகளில் எடுத்தாள அது உதவும். நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பல மொழிகளில் வெளியிடும் நிறுவனத்துக்கு அதில் தேர்ந்தவர் உடனே தேவைப்படலாம். மற்றபடி, கருவியை வேலைக்குச் சேர்ந்த பிறகும் பழகிக்கொள்ளலாம். தனக்குத் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தெரியாதவருக்குப் புரியும்படி சொல்லும் திறன் அவ்வளவு சீக்கிரம் வராது.

அனுபவ ஆண்டுகளையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டியதில்லை. பணித் தேர்வு பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளை ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் தொகுத்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலையின் ஒரு பகுதியையே செய்யச் சொல்லிப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணலும், அனுபவ ஆண்டுகளைவிட எவ்வளவோ நம்பகமானவை என்று அதில் தெரிந்தது. பால் சாக்கெட் குழுவினர் 2022இல் இதே கணக்கை மறுபடி போட்டபோது பல மதிப்புகள் இறங்கின; ஆனாலும் இப்படி ஒரே கேள்விகளோடு ஒழுங்குபடுத்திய நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது.

விண்ணப்பதாரர் கொண்டுவரும் எழுத்து மாதிரிகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அச்சுக்கு வந்த கையேட்டில் எடிட்டரின் கையும் பொறியாளரின் திருத்தமும் கலந்திருக்கும். நல்ல எழுத்தாளர் சிலர், பழைய நிறுவனத்தோடு போட்ட ரகசிய ஒப்பந்தம் காரணமாக எதையுமே காட்ட முடியாமல் இருப்பதும் உண்டு. எனவே மாதிரியைப் பற்றிக் கேட்பதே பயன் தரும். இது யாருக்காக எழுதப்பட்டது, விவரங்கள் எங்கிருந்து கிடைத்தன, எதை விட்டுவிட்டீர்கள், ஏன்? தானே எழுதியவர் இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்வார்.

சோதனை சிறியதாக இருந்தாலே போதும். வாஷிங் மெஷின் கையேட்டுக்கு எழுதிய இந்த இரண்டு வாக்கியங்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம்: “வடிகட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே சேர்ந்த அழுக்கை அகற்றவும். கழற்றும் முன் மின் இணைப்பைத் துண்டித்து, டிரம்மில் நீர் இல்லை என்று உறுதிசெய்யவும்.” இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் முதல் வாக்கியத்தைப் படித்தவுடன் மூடியைத் திருகியவர், இரண்டாவதைப் படிப்பதற்குள் நனைந்திருப்பார். சொற்களை மட்டும் மெருகேற்றித் தருபவருக்கு இது கண்ணில் படாது. தேர்ந்தவர் எச்சரிக்கையை முன்னால் கொண்டுவருவார். நிபந்தனையை முதலில் சொல், செயலைப் பிறகு சொல் என்று கூகுளின் நடைக் கையேடும் சொல்கிறது. இன்னும் தேர்ந்தவர் பேனாவை வைத்துவிட்டுக் கேள்வி கேட்பார்: டிரம்மில் நீர் மிச்சமிருந்தால் அதை எப்படி வெளியேற்றுவது? வெந்நீரில் துவைத்திருந்தால் எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும்? மூடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? அந்தக் கேள்விகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு.

வீட்டில் எழுதிவரச் சொல்லும் தேர்வுக்கு, சாட்ஜிபிடி வந்த பிறகு மதிப்புக் குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக, ஏஐ எழுதிய விளக்கத்தையும் மென்பொருளையும் சேர்த்துக் கொடுத்து, எங்கே தவறு என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். விளக்கத்தை நம்பாமல் மென்பொருளை இயக்கிப் பார்க்கிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும். தேர்வு என்ற பெயரில் முழுக் கையேட்டையே கூலியில்லாமல் எழுதி வாங்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. திறமையானவர்கள் முதலில் விலகிப்போவது அங்கிருந்துதான்.

நேர்காணலில் ஒரு பொறியாளர் இருப்பது அவசியம். அவர் ஒரு வசதியைப் பதினைந்து நிமிடம் விளக்க, விண்ணப்பதாரர் குறுக்கே கேட்டுத் தெளிந்து அரைப்பக்கம் எழுதட்டும். பொறியாளர் அவசரத்தில் விழுங்கிய படியை அவர் பிடிக்கிறாரா, புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டுகிறாரா என்று கவனிக்க வேண்டும். அந்த அரைப்பக்கத்தை வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒருவரிடம் கொடுத்து, அதன்படி செய்துபார்க்கச் சொல்வது நல்லது. வாடிக்கையாளர் எங்கே தடுமாறுவார் என்பது அவருக்குத்தான் தெரியும். எழுதியதில் தவறைச் சுட்டும்போது விண்ணப்பதாரர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் திருத்தம் வாங்குவது இந்த வேலையில் அன்றாடம் நடப்பது. மதிப்பெண்ணை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிவைத்த பிறகே கலந்து பேச வேண்டும். இல்லாவிட்டால் அறையில் மூத்தவர் சொன்னதே எல்லோருடைய கருத்தாகிவிடும்.