உடவத்தகலையில் ஒரு காலைநடை

கண்டி தலதா மாளிகைக்குப் பின்புறம் எழும் குன்றுக்காடுதான் உடவத்தகலை. நுழைவாயிலைத் தாண்டிச் சற்று நடந்ததுமே நகரத்து பஸ் இரைச்சல் அடங்கிவிடுகிறது. உயர்தர உயிரியல் பிரிவு மாணவிகளான நாம் அங்கு சென்றபோது முதலில் பேச்சு மரங்களைப் பற்றியதல்ல, அட்டைகளைப் பற்றியதுதான். காலுறையில் சவர்க்காரம் பூசி வந்தவர்கள் தப்பினர்.

கண்டி மன்னர் காலத்தில் இது அரண்மனைக்குரிய சோலை. பொதுமக்கள் நுழைய முடியாததால் தடுக்கப்பட்ட காடு என்றும் பெயர் பெற்றது. அரச குடும்பத்தினரின் குளம் இன்றும் உள்ளே இருக்கிறது. 1815இல் கண்டி பிரித்தானியர் வசமான பின்னர், ஆளுநர்களின் மனைவியர் பெயரில் பாதைகள் தோன்றின. நாம் நடந்தது லேடி ஹோர்ட்டன் பாதை. இலக்கியப் பிரிவுத் தோழியருக்கு ஒரு செய்தி: கவிஞர் பைரன் 1814இல் 'ஷீ வோக்ஸ் இன் பியூட்டி' எழுதக் காரணமாயிருந்த பெண்மணி இவரேதான்.

1856இல் ஒதுக்குக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இவ்வனத்தின் பரப்பு சுமார் 104 ஹெக்டேயர். சிங்களத்தில் 'புஸ்வெல்' எனப்படும் பெருங்கொடி மரம்போலத் தடித்து, முறுக்கி, பாதையோரம் கிடக்கிறது. அதன் காய் ஒரு மீற்றர் வரை நீளக்கூடியது.

ஓரிடத்தில் ஆசிரியை எம்மை நிறுத்தி நிலத்தைப் பார்க்கச் சொன்னார். முழங்கால் உயரத்தில், நாற்றுமேடை போல நெருக்கமாகக் கன்றுகள். அத்தனையும் ஒரே இனம்: பெரு பல்சம். பெயரில் பெரு இருந்தாலும் அதன் வாசனைப் பிசினுக்குப் பேர்போனது மத்திய அமெரிக்கா. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இங்கு வந்த மரம் இது. இதன் காயின் ஒரு முனையில் வித்து, மறுபுறம் இறகு. காற்றிலே சுழன்று பரவும். தாய்மரத்தின் நிழலிலும் தயங்காமல் வளரும். அந்த நெருக்கத்துக்குள் நம் நாட்டு மரக்கன்றுகளுக்கு வெளிச்சமோ இடமோ கிடைப்பதில்லை. முதிர்ந்த மரங்கள் சாயும்போது அவற்றின் இடத்தையும் இதுவே பிடித்துக்கொள்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் காடு பச்சையாகத்தான் தெரியும்.

“பிடுங்கிப் போட்டால் என்ன, டீச்சர்?” என்றாள் ஒருத்தி. சரணாலயத்தில் நாம் ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. அதற்குரியவர்கள் அகற்றினாலும், வெற்றிடத்தில் நாட்டு மரங்களை நட்டுப் பல ஆண்டுகள் பராமரிக்காவிட்டால் மீண்டும் அதே கன்றுகள்தான் முளைக்கும் என்றார்.

சற்றுத் தள்ளி ஒரு மரத்தை முழுவதும் போர்த்தியிருந்தது இன்னொரு கொடி. சோற்றுப் பீங்கானைவிடப் பெரிய இலைகள். எவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அது எங்கள் வீட்டு விறாந்தையில் போத்தல் தண்ணீரில் வளர்கிற அதே மணிபிளாண்ட்.